கொப்பி அடிக்கிறது பிழையில்லை, வேஷம் போடுறதுதான் பிழை

1938 இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஷ்வின் கொம்பனி, தன்னுடைய சைக்கிளின் முன்பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பிரிங்கைப் பூட்டியது. முன் சில்லைப் பிடிச்சிருக்கிற இரண்டு கால்களை நாங்கள் ஃபோர்க் என்கிறோம். அதுவரைக்கும் பெரும்பாலும் அது அசையாத ஒரு சாமான். ஷ்வின் செய்தது இவ்வளவுதான்: அந்தக் கால்கள் கீழே ஒரு முளையில் கொஞ்சம் அசையிற மாதிரி வைச்சு, அந்த அசைவை ஹாண்டிலுக்குக் கீழே, வெளியே தெரியிற மாதிரி நிற்கிற ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளச் செய்தது. கல்லில் ஏறினால் அடி முதலில் ஸ்பிரிங்குக்கு, மிச்சம்தான் உங்கட கைக்கு. ஷ்வின் இதற்கு ஆக்கவுரிமையும் எடுத்துக்கொண்டது. பேட்டன்ட் என்று நாங்கள் கதைக்கிறதைத்தான் எங்கட சட்டப் புத்தகம் ஆக்கவுரிமை என்கிறது.

அடுத்த பத்துப் பதினைந்து வருசத்துக்குள் அமெரிக்காவில் ஸ்பிரிங் இல்லாத 'டீலக்ஸ்' சைக்கிளைப் பார்க்கிறதே அரிது என்ற நிலை வந்துவிட்டது. மொனார்க் இரட்டை ஸ்பிரிங் வைத்தது. ரோட்மாஸ்டர் தன்ர பாட்டுக்கு ஒன்று வைத்தது. சியர்ஸ் கடைகளுக்காகச் செய்யப்பட்ட சைக்கிள்களிலும் ஸ்பிரிங் வந்தது. பழைய சைக்கிள்களைச் சேர்க்கிறவர்களுக்கு இன்றைக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு: யார் யாரைக் கொப்பி அடிச்சது? ஷ்வின் பக்கம் நிற்கிறவர்கள் மற்ற எல்லாரையும் கள்ளர் என்பார்கள். மற்றவர்கள் 'உங்கட ஷ்வின் மட்டும் என்ன, வானத்திலிருந்தா கொண்டு வந்தது?' என்று கேட்பார்கள்.

எனக்கு இந்த வழக்கில் பிடிச்சது அந்த இரண்டாவது கேள்விதான். கொலன்னாவையில் இருந்துகொண்டு சிகாகோச் சண்டைக்குள் நான் ஏன் தலையைப் போடுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 'கொப்பி' என்ற சொல்லை நாங்கள் எங்கட ஊரில் ஆட்களை மட்டம் தட்டப் பாவிக்கிறோம். ஆனால் உண்மையில் ஆளைக் காயப்படுத்துகிற ஒரு வகைக் கொப்பியைக் கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுகிறோம். இரண்டையும் பிரிச்சுப் பார்க்க அந்தப் பழைய சைக்கிள் கதை நல்ல உதவி.

முதலில் ஷ்வின்னின் கையைப் பார்ப்போம். அந்த ஃபோர்க்குக்கு ஷ்வின் விளம்பரங்கள் கொடுத்த பெயர் 'நீ அக்சன்'. முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கிறது என்று அர்த்தம். நல்ல பெயர்தான், ஆனால் ஷ்வின்னின் சொந்தப் பெயர் இல்லை. 1934 இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன்ர கார்களின் முன் சில்லுகளைத் தனித்தனியாக அசையச் செய்து, அதற்கு வைத்த பெயர் அது. அந்த ஜெனரல் மோட்டர்ஸும் ஷெவ்ரொலே காருக்குப் பூட்டிய அமைப்பைப் பிரான்சின் ஆந்த்ரே டுபொனே என்பவரிடமிருந்துதான் எடுத்தது. ஸ்பிரிங் ஃபோர்க் என்ற யோசனையோ ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களில் 1907 இலேயே இருந்தது. ஷ்வின்னுக்குப் புகழ் தேடித்தந்த தடிச்ச பலூன் டயரும் ஐரோப்பாவில் பார்த்துவிட்டு வந்து 1933 இல் அமெரிக்காவில் இறக்கினதுதான். இன்னும் ஒரு பகிடி: அந்தக் காலத்து அமெரிக்கச் சைக்கிள்களில் பாருக்கு நடுவில் ஒரு பெற்றோல் தாங்கி இருக்கும். உள்ளே பெற்றோல் இல்லை, ஹோர்னுக்கான பற்றரி இருக்கும், சிலதில் அதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள் மாதிரித் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அப்ப ஷ்வின் கள்ளனா? இல்லை. ஷ்வின் பல இடத்திலிருந்து எடுத்ததைச் சேர்த்து, ஒரு பொடியன் மிதிக்கிற சைக்கிளுக்குப் பொருந்துகிற அளவிலும் விலையிலும், உண்மையில் அசைகிற ஒரு ஃபோர்க்கைச் செய்தது. அது வேலைதான். அதே நியாயம் போட்டிக் கொம்பனிகளுக்கும் கிடைக்க வேண்டும். மொனார்க்கின் ஃபோர்க்கைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஷ்வின்னின் ஃபோர்க் இல்லை. அதில் சில்லின் அச்சுக்குப் பக்கத்தில் சின்ன இணைப்புகள் அசையும், அங்கிருந்து இரண்டு கம்பிகள் மேலே போய் இரண்டு ஸ்பிரிங்கைத் தள்ளும். ஹார்லியின் முறைக்கு இது கிட்ட. ஷ்வின்னின் வழி அடைச்சிருந்ததால் வேறு வழியைத் தேடியிருக்கிறார்கள். போட்டியாளனைப் பார்த்து 'எனக்கும் அது வேண்டும்' என்று நினைச்சதில் தொடங்கி, 'ஆனால் நான் வேறு மாதிரிச் செய்யவேண்டும்' என்பதில் முடிந்த கதை. இதைக் கொப்பி என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது.

இன்னும் பின்னுக்குப் போனால் கதை இன்னும் குழம்பும். 1885 இல் இங்கிலாந்தில் லின்லி அண்ட் பிக்ஸ் என்பவர்கள் 'விப்பெட்' என்று ஒரு சைக்கிள் செய்தார்கள். சட்டத்திலேயே ஸ்பிரிங் வைச்ச சைக்கிள். அப்போது டயர் என்றால் திண்மமான இறப்பர் வளையம், கல் ரோட்டில் ஓடினால் எலும்பு கழரும். அதனால் ஸ்பிரிங் தேவைப்பட்டது. 1888 இல் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், மகனின் முச்சில்லுச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்றடிச்ச டயருக்கு ஆக்கவுரிமை எடுத்தார். சில வருசத்தில் ஸ்பிரிங் சைக்கிள்கள் காணாமல் போயின. காற்றே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்துவிட்டது. சைக்கிளின் முதல் நல்ல ஷொக் டயர்தான்.

ஆனால் 1890 இல் டன்லொப்புக்கு ஒரு செய்தி வந்தது: உங்கட ஆக்கவுரிமை செல்லாது. ஏனென்றால் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் 1845 இலேயே அதே யோசனைக்கு ஆக்கவுரிமை எடுத்திருந்தார். குதிரை வண்டிகளுக்காக. யாரும் வாங்கவில்லை, மறந்துவிட்டார்கள். டன்லொப் தொம்சனைப் பார்த்துக் கொப்பி அடிக்கவில்லை, தானாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அப்படியிருந்தும் அந்தக் கொம்பனி அழியவில்லை. டயரைக் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரிச் செய்த வெல்ச், பார்ட்லெட் என்ற இருவரின் 1890 ஆம் ஆண்டு ஆக்கவுரிமைகளை வாங்கி அதில் நின்று பிடிச்சது. சரி, காற்று டயரைக் 'கண்டுபிடிச்சது' யார்? 1845 இல் யோசிச்சவரா, 1888 இல் மகனுக்காகச் செய்தவரா, பஞ்சர் ஒட்டக்கூடிய மாதிரி ஆக்கினவர்களா? சைக்கிள் கடையில் டியூபைக் கழற்றி ஒட்டுப்போடுகிற எவருக்கும் மூன்றாவது ஆட்கள்தான் பெரிய ஆட்கள். அவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் கதை எங்கட நாட்டுக்குள் வருகிறது. டயர் செய்ய இறப்பர் வேண்டும். 1876 இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைச்ச கன்றுகளில் பெரும்பகுதி, 1,900 க்கு மேல், அதே வருசம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் இருக்கிற ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். அங்கிருந்துதான் ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. பிரேசிலின் இறப்பர் வியாபாரம் விழுந்தது. பிரேசிலில் விக்ஹமைத் திருடன் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் கனக்கப் பேர். பிரித்தானியா 1920 இல் அவருக்கு 'சேர்' பட்டம் கொடுத்தது.

சைக்கிள் கொம்பனி ஒன்று இன்னொன்றின் ஸ்பிரிங்கை எடுத்தால் வழக்கு. பேரரசு ஒரு நாட்டின் மரத்தையே எடுத்தால் பட்டம். அந்த மரத்தில் விடியற்காலையில் பால் வெட்டின கைகள், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கட மலையகத் தமிழ்ச் சனத்தின் கைகளும் சேர்த்து, எந்த ஆக்கவுரிமைப் பத்திரத்திலும் இல்லை. ஆகவே 'கொப்பி', 'திருட்டு' என்ற சொற்கள் வரும்போது நான் முதலில் கேட்கிறது: யார் இதைச் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

இன்னொரு உதாரணம். ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கொம்பனி 1939 இல் ஆர்.டி. 125 என்ற சின்ன மோட்டார் சைக்கிளைச் செய்தது. யுத்தத்தில் ஜேர்மனி தோற்றதும் வென்றவர்கள் அதன் வரைபடங்களை நட்டஈடாக எடுத்துக்கொண்டார்கள். சோவியத்தில் அது மொஸ்க்வா ஆனது. அமெரிக்காவில் ஹார்லியின் 125 ஆனது. பிரித்தானியாவில் 1948 இல் பி.எஸ்.ஏ. பாண்டம் ஆனது, இடம் வலம் மாற்றி. பிறகு 1955 இல் யப்பானில் யமஹா தன்ர முதலாவது மோட்டார் சைக்கிளான வை.ஏ. 1 ஐச் செய்தபோது அதற்கும் மாதிரி அதுதான். இதில் யமஹாவைப் பார்த்து மட்டும் ஒரு காலத்தில் 'யப்பான்காரன் கொப்பிக்காரன்' என்றார்கள். ஹார்லியை யாரும் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. இப்போது யப்பான் சாமான் என்றால் 'ஒரிஜினல்', சைனாச் சாமான் என்றால் 'கொப்பி'. இந்தச் சொல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஏணியில் ஏறி முடிச்சவன் கீழே ஏறுகிறவனைப் பார்த்துச் சொல்கிற சொல் அது.

எங்கட வீடுகளிலும் இந்த 'ஒரிஜினல்' பக்தி இருக்கிறது. றலி நல்லதா, ஹம்பர் நல்லதா, றட்ஜ் நல்லதா என்று அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு பின்னேரம் போய்விடும். ஹம்பருக்கு முன் ஃபோர்க்கில் இரட்டைக் குழாய், அதனால் அதுதான் உறுதி என்பார் ஒருவர். அதெல்லாம் ஒன்றுமில்லை, றலிதான் என்பார் மற்றவர். உண்மை என்னவென்றால் ஹம்பரை 1932 இலும் றட்ஜை 1943 இலும் றலியே வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு மூன்றும் ஒரே நொட்டிங்ஹம் முதலாளியின் சைக்கிள்கள். ஹம்பரின் இரட்டைக் குழாய் ஃபோர்க்கைத் தொடர்ந்து வைச்சிருந்தது, இது ஹம்பர் என்று நாங்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கத்தான். இன்னொரு பக்கம், சீனாவின் தியன்ஜின் நகரத்தில் 1950 இல் தொடங்கின 'பறக்கும் புறா' சைக்கிள் றலியின் மாதிரியைப் பார்த்தே செய்யப்பட்டது. உலகத்தில் அதிகம் விற்ற சைக்கிள்களில் ஒன்று அது. கோடிக்கணக்கான குடும்பங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போனது அந்தக் கொப்பியில்தான்.

1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தை எடுங்கள். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளில் விறகு போனது, நோயாளி போனார், முழுக் குடும்பமும் இடம்பெயர்ந்தது. டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். உடைஞ்ச சாமானுக்கு மாற்றுச் சாமான் வராது. பட்டறையில் ஒருத்தர் பழையதைப் பார்த்து இரும்பில் புதிதாகக் கடைஞ்சு தந்தால்தான் நாளைக்கு ஓடலாம். அதுவும் கொப்பிதான். அந்தக் கொப்பி இல்லாமல் அந்தச் சனம் எப்படி உயிர் தப்பியிருக்கும்?

அப்ப எல்லாக் கொப்பியும் சரியா? இல்லை. இங்கேதான் நான் கோடு போட விரும்புகிறேன்.

ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்து அதே வேலையைச் செய்கிற இன்னொன்றைச் செய்வது ஒன்று. மொனார்க் செய்தது, யமஹா செய்தது, யாழ்ப்பாணத்துப் பட்டறைகள் செய்தது எல்லாம் இது. இன்னொருத்தரின் பெயரைத் தன்ர சாமானில் ஒட்டுவது இரண்டாவது. அது பொய், அதில் வாதாட ஒன்றுமில்லை. மூன்றாவது, வேலையை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுப்பது. பெயர் பொய்யில்லை, சட்டப்படி யாருடைய உரிமையையும் மீறவில்லை, ஆனால் பார்க்கிறவர் நம்புகிற வேலையை அது செய்யாது. இந்த மூன்றாவதைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கிறதே இல்லை.

இன்றைக்கு டாம் வீதியில் ஒரு நடை நடந்தால் முன்பக்கம் ஷொக் வைச்ச சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். இந்த வடிவத்துக்கும் ஒரு வம்சாவளி உண்டு. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற குழாய்களும் அதற்குள் எண்ணெயும் உள்ள ஃபோர்க்கை 1935 இல் பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மோட்டார் சைக்கிள் உலகத்திலிருந்து வந்த போல் டேர்னர் அதை மலைச் சைக்கிளின் அளவுக்குச் சுருக்கி, 1989 அளவில் ரொக்‌ஷொக்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 1990 இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதலாவது உலக மலைச் சைக்கிள் போட்டியில் அந்த ஃபோர்க்கோடு வென்றார்கள். உடனே போட்டியாளர்கள் பின்னால் வந்தார்கள். டக் பிராட்பரியின் மனிட்டூ, எண்ணெய்க்குப் பதிலாக இறப்பர் போன்ற ஒரு பொருளை உள்ளே வைச்சுப் பார்த்தது. ஷ்வின் மொனார்க் கதைதான் திரும்ப. இதுவரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை.

பிரச்சினை கடைசிப் படியில். ஒரு ஷொக்குக்கு இரண்டு வேலை. ஒன்று அடியை வாங்குவது, அது ஸ்பிரிங்கின் வேலை. மற்றது வாங்கின அடியை மெதுவாகக் கரைப்பது, அது எண்ணெயின் அல்லது உராய்வின் வேலை. இரண்டாவது இல்லாவிட்டால் ஸ்பிரிங் வாங்கினதை அப்படியே திருப்பித் தரும். முன் சில்லு துள்ளும். துள்ளுகிற சில்லில் பிறேக் பிடிக்காது. மலிவுச் சைக்கிள்களில் வருகிற கனக்க ஷொக்குகளுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் வளையங்களும் தவிர வேறொன்றும் இல்லை. சிலது துள்ளும். சிலது கொஞ்ச நாளில் துருப்பிடிச்சு இறுகி அசையவே அசையாது. அசையாவிட்டாலும் பாரம் குறையாது. சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலான இரும்பை ஒவ்வொரு நாளும் மிதிச்சு இழுக்க வேண்டும். ஷொக்குக்குக் கொடுத்த காசை எங்கிருந்தோ மிச்சம் பிடிக்க வேண்டும்தானே, அது பெரும்பாலும் பிறேக்கிலும் றிம்மிலும் பிடிக்கப்படும்.

யப்பானில் இப்படியான சைக்கிள்களுக்கு ஒரு பெயரே இருக்கிறது: 'லுக்' சைக்கிள். பார்வைக்கு மட்டும் மலைச் சைக்கிள். அதில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும், கரடுமுரடான பாதையில் ஓடவேண்டாம் என்று. ஷொக் இருக்கிறது, ஆனால் குலுங்குகிற ரோட்டில் ஓடக்கூடாது. குறைந்தது அங்கே எழுதியாவது வைச்சிருக்கிறார்கள். அங்கிருந்து பாவிச்ச சைக்கிள் இங்கே வந்தாலும் அந்த ஸ்டிக்கரை எங்களில் எத்தனை பேர் வாசிப்போம்?

கொலன்னாவை ரோடுகளை அறிஞ்சவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை என்று தெரியும். எண்ணெய்க் களஞ்சியத்துக்கு வந்துபோகிற பவுசர்கள் ஒரு பக்கம், ஒருகொடவத்தைப் பக்கம் கொண்டெய்னர்கள் ஒரு பக்கம். களனி கங்கை பெருகினால் வெல்லம்பிட்டி வரைக்கும் தண்ணீர். வடிஞ்ச பிறகு ரோட்டில் குழி, வீட்டில் நின்ற சைக்கிளின் ஷொக்குக்குள் சேறு. எங்கட ஒழுங்கையில் ஒரு பொடியன், ஓ.எல். படிக்கிறவன், தாய் சீட்டுக் காசில் வாங்கிக்கொடுத்த ஷொக் சைக்கிளில் டியூசன் போய் வருவான். ஒரு குழியில் முன் சில்லு இறங்கித் துள்ளினது, பிறேக் பிடிச்சான், சில்லு வழுக்கினது. கைமுறிவோடு தப்பினான், பின்னால் பவுசர் எதுவும் வராததால். சைக்கிள் திருத்துகிற பாஸ் அந்த ஃபோர்க்கைக் கழற்றிக் காட்டினார். வெளியே இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குழாய். உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்பிரிங், மற்றப் பக்கம் வெறுமை. ஒற்றை ஸ்பிரிங் என்பதே குற்றமில்லை என்று பாஸ் சொன்னார். வெறும் பக்கத்தில் எண்ணெய் இருந்திருக்க வேண்டும், அதுதான் இல்லை.

ஊரில் இதைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்.' தாயைப் பார்த்துச் சொன்னார்கள். செய்தவனைப் பற்றியோ விற்றவனைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நான் கோபப்படுகிறது இதற்குத்தான். கொப்பி என்ற பழி எப்பவும் வாங்கினவரின் தலையில் விழுகிறது. அவர் மலிவுக்கு ஆசைப்படவில்லை. ஷொக் இருந்தால் பிள்ளைக்கு முதுகு நோகாது என்று நம்பி, சாதாரண சைக்கிளைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்தவர்.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவிச்சபோது கொழும்பு முழுக்கச் சைக்கிளுக்கு ஓடியது. நாட்டின் பெரிய எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற நாங்களும்தான். அந்த நேரம் சைக்கிள் விலை ஏறினது, கையில் கிடைச்சதை வாங்கினோம், தரம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் வந்தால் நாங்கள் ஏறப்போவது சைக்கிளில்தான். அப்ப அந்தச் சைக்கிள் எப்படியானது என்பது பொழுதுபோக்குக்காரரின் கேள்வி இல்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'பார்த்துச் செய்யலாம் என்று விட்டால் யார் மினக்கெட்டுப் புதிதாகச் செய்வார்கள்? கடைசியில் எல்லாரும் வேஷத்துக்குத்தானே போவார்கள்?' அதனால்தான் ஆக்கவுரிமைக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, அது எனக்குச் சரியாகவே படுகிறது. எங்கட 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கவுரிமைக்கு 20 வருசம் கொடுக்கிறது. கைத்தொழில் வடிவமைப்புக்கு 5 வருசம், இரண்டு தடவை புதுப்பிக்கலாம். அந்தக் காலம் வரைக்கும் செய்தவர் சம்பாதிக்கட்டும், அதற்குப் பிறகு அது எல்லாருக்கும் சொந்தம். மொனார்க் மாதிரி வேறு வழி தேடவும் அந்தக் கெடு தூண்டுகிறது. ஆனால் கவனியுங்கள், இந்தச் சட்டம் முழுக்கப் பாதுகாக்கிறது செய்தவரை. வேஷ ஷொக்கால் ஏமாறுகிறது செய்தவர் இல்லை, ஓட்டுகிறவர். பி.எம்.டபிள்யூ. வழக்குப் போடப்போவதில்லை, அதன் ஆக்கவுரிமை எப்பவோ முடிஞ்சது. ஓட்டுகிறவரைப் பாதுகாக்க வேண்டியது வேறு சட்டம்.

அதுவும் எங்களிடம் இருக்கிறது. அதே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குகிறவரை ஏமாற்றும் விதமான வியாபார நடத்தையைத் தடுக்கிறது. சைக்கிள் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரமும் இருக்கிறது, அதன் 6 ஆம் பகுதி சட்டத்தையும் ஃபோர்க்கையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அந்தச் சோதனை ஃபோர்க் உடையுமா என்று பார்க்கும், ஷொக் உண்மையில் ஷொக்கா என்று பார்க்காது. அதனால் நான் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. ஷொக் என்று சொல்லி விற்கிற ஃபோர்க்கில் அது எவ்வளவு அசையும், உள்ளே அடியைக் கரைக்கிற ஏற்பாடு இருக்கிறதா, எந்த ரோட்டுக்கு உகந்தது என்று மூன்று வரி, தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். பிஸ்கட் பக்கெட்டில் எழுதலாம் என்றால் இதிலும் எழுதலாம்.

எங்கட பாஸ்மாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஃபோர்க்கைக் கழற்றி ஐந்து நிமிசத்தில் எது இல்லை என்று சொன்னவருக்கு, எது இருக்க வேண்டும் என்றும் தெரியும். அந்த அறிவு இருக்கிற நாட்டில் உள்ளே எண்ணெய் உள்ள ஒரு சாதாரண ஷொக்கைப் பார்த்துச் செய்ய முடியாதா? லுமாலா மாதிரி உள்ளூரில் சைக்கிள் செய்கிற இடங்கள் இருக்கின்றன, தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன, ஆக்கவுரிமை முடிஞ்ச வடிவங்கள் தாராளமாக இருக்கின்றன. கழற்றிப் பார், வரை, செய், உடை, திரும்பச் செய். யமஹா தொடங்கினது அப்படித்தான். கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கும் இந்த வித்தியாசம் புதிதில்லை. ஒருத்தரின் கட்டுரையை வாசிச்சு, அவர் எப்படி வாதாடுகிறார் என்று பழகி, அந்த முறையில் எங்கட ஊரைப் பற்றி எழுதினால் அது படிப்பு. அவரின் பெரிய சொற்களை மட்டும் எடுத்து ஒன்றும் சொல்லாத பந்திகளுக்கு நடுவில் செருகினால், அது உள்ளே ஸ்பிரிங் இல்லாத குழாய். சமர்ப்பிக்கலாம், சிலவேளை பாஸும் பண்ணலாம்.

சட்டமும் லேபலும் வரும் வரைக்கும் சைக்கிள் வாங்கப் போகிற உங்களுக்கு இரண்டு விசயம். முன் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சு, ஹாண்டிலில் உடம்பின் பாரத்தைப் போட்டு அமத்துங்கள். ஃபோர்க் இறங்க வேண்டும், விட்டதும் மெதுவாக எழும்ப வேண்டும். இறங்காவிட்டாலோ, 'டொக்' என்று துள்ளினாலோ, அது அலங்காரம். அப்படியென்றால் ஷொக்கே இல்லாத, கொஞ்சம் தடிச்ச டயர் உள்ள சைக்கிளை எடுத்து, அந்த மிச்சக் காசை நல்ல பிறேக்குக்குச் செலவழியுங்கள். டன்லொப்பின் காற்று இன்றைக்கும் அந்த வேலையைச் செய்யும். கடைக்காரர் முறைச்சுப் பார்ப்பார். பார்க்கட்டும், அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கூடினால்தான் அவரும் தனக்குக் கொண்டுவந்து போடுகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்பார்.